கரடி மணி

கரடியூர்
8.6.2025

மரியே வாழ்க!

அன்புத் தங்கச்சி அமலிக்கு அக்கா ரூபி எழுதறது. இங்க நானும் உங்க மாமாவும் ஆண்டவர் புண்ணியத்துல சொகமா இருக்கறோம். அங்க உன் ஒடம்பு எப்படி இருக்குது? கூதல் கொறஞ்சுதா? வேளா வேளைக்குச் சோறு திங்கறியா, இல்ல அந்தப் பச்சை மீனைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்கறியா?

போன்ல பேசி நொம்ப நாளாச்சு, அக்காளுக்கு என்னமோ ஏதோன்னு வெசனப்பட்டிருப்ப. ஒண்ணுமில்ல கண்ணு. போன் கை தவறி அம்மிக்கல்லு மேல விழுந்து நொறுங்கிப் போச்சு. இனிமே போன் வேண்டாம், கடுதாசி போட்டாப் போதும்னு உங்க மாமா சொல்லிட்டாங்க. அதுவும் சரிதான். நான் எழுதறதை அவங்களே ஒரு தரம் படிச்சுப் பாத்து, ஒட்டி, டவுனுக்குப் போறப்பத் தபால்ல சேத்தர்றேன்னு சொல்லியிருக்கறாங்க. எனக்கு எதுக்கு அந்தச் செரமம்? நீ போடறதும் அவங்க கைக்குத்தான் மொதல்ல வரும். அதனால எழுத்தைக் கோழி கிண்டின மாதிரி எழுதாம நல்லா உருட்டி எழுது.

எஸ்டேட்ல மாமாவோட கணக்கு எழுதற ரைட்டர் வேலை ஒரு கொறையுமில்லாம நடக்குது. போன ஞாயித்துக்கிழமை பூசையில வாசகம் படிச்சாங்க. ரைட்டர் கிங்ஸ்டன் கொரலு மாதிரி வருமான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நம்ம செவலை மாடு கன்னு போட்டிருக்குது. பொட்டைக் கன்னு. நெத்தியில வெள்ளைச் சுட்டி.

ஏப்ரல்ல என் வயித்துல இருந்தது தங்கலைன்னு சொன்னதுக்கு நீ போன்லயே அழுத. இனிமே அழுவாத. படியில விழுந்துட்டேன், அவ்வளவுதான்.

அப்பா ஏசுராஜ் செத்த பொறவு நமக்குன்னு ஆருமில்ல. நீ ஜப்பான் போறப்ப உன் செலவுக்குப் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டது மாமாதான். வருசா வருசம் விசாவைப் புதுப்பிக்க அந்தக் கையெழுத்து வேணும். அடுத்த வருசம் பிப்ரவரியிலயும் வேணும். அதை மறந்துராத. நல்லாப் படி.

உன்னை மாதாகிட்ட ஒப்படைச்சுட்டு இருக்கும் அக்கா,
ரூபி


வட ஜப்பான்
2.7.2025

என் செல்ல அக்காளுக்கு,

நலந்தானே? நான் நலம். மாமா, நீங்க மொதல்ல படிப்பீங்கன்னு அக்கா எழுதியிருக்குது, அதனால உங்களுக்கும் வணக்கமுங்க. எழுத்து புரியுதுங்களா?

அக்கா, நான் இருக்கறதும் மலைப்பக்கம்தான். டோக்கியோவுல இருந்து ரயிலேறித் தூங்கி எந்திரிச்சாத்தான் வருது. சுத்தி மரமும் மஞ்சும். ஏற்காடு மாதிரியே இருக்குதேன்னு மொத நாளு சந்தோசப்பட்டேன். ஆனா இங்க தெருவுல ஆளே இல்ல. இருக்கறவங்களும் வயசானவங்க. அதனாலதான் எங்களைக் கூப்பிட்டு முதியோரைக் கவனிக்கற படிப்புச் சொல்லித் தர்றாங்க. காலையில காலேஜ், மத்தியானம் முதியோர் இல்லத்துல வேலை. நேபாளத்துப் பொண்ணுங்க ரெண்டு பேரும் நானும் ஒரே ரூம்.

வேலை சும்மா இல்லக்கா. புத்தி தடுமாறின பெரியவரு ஒருத்தரு, சாப்பாடு ஊட்டப் போனா என் தலைமயிரைப் புடிச்சுச் சுவத்துல மோதிட்டாரு. ஒதடு கிழிஞ்சுருச்சு. திருப்பி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அதே ஆளைப் பொழுதோட குளிப்பாட்டணும். ஆனா ஒண்ணு, இங்க குளிப்பாட்டறப்ப ஒடம்புல எங்கயாச்சும் கன்னிப் போயிருந்தா விட மாட்டாங்க. எப்படி ஆச்சு, ஆரு தொட்டா, எப்பன்னு தொளைச்சு எடுத்துருவாங்க. "விழுந்துட்டேன்"னு கெழவி சொன்னாக்கூட நம்பறதில்ல. எங்க டீச்சர் சொல்லுது, விழுந்த காயம் ஒரு எடத்துல இருக்கும், அடிச்ச காயம் இன்னொரு எடத்துல இருக்குமாம்.

சிரிக்காத, இங்க ஊருக்குள்ள கரடி வருது. நெசக் கரடி! பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் பையில மணி கட்டிக்கிட்டுப் போகுதுங்க. மணி சத்தம் கேட்டா கரடி, ஆள் வருதுன்னு ஒதுங்கிப் போயிருமாம். நம்மூர்ல மாட்டுக்குக் கட்டறதை இங்க மனுசன் கட்டிக்கறான். கரடியூர்க்காரி கரடிக்குப் பயந்து மணி கட்டிக்கிட்டு நடக்கறேன், கேவலம்! உனக்கும் ஒண்ணு இதோட வெச்சிருக்கேன். கன்னுக்குட்டி கழுத்துல கட்டு.

உன் குட்டி,
அமலி


கரடியூர்
30.7.2025

மரியே வாழ்க!

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதறது. நாங்க நலம். உன் ஒதடு ஆறுச்சா? மஞ்சத்தூளு வெச்சியா?

மணி வந்து சேந்துச்சு. நொம்ப அழகா இருக்குது. கன்னுக்குக் கட்ட மனசு வரல. மாமாவோட வண்டிச் சாவியில கோத்துட்டேன். அவங்க இப்பெல்லாம் வண்டியைக் கீழ ரோட்டுலயே நிறுத்திட்டுச் சத்தமில்லாம நடந்துதான் வர்றாங்க. ஊட்டுல இருக்கறவ எப்படி இருக்கறான்னு பாக்கற ஆசை. திடீர்னு முன்னால வந்து நின்னா சோறு சூடா இருக்காது, எனக்கும் சங்கட்டமா இருக்கும். இப்ப மொளகுக் கொடி தாண்டறப்பவே கிணி கிணின்னு கேக்குது. எடுத்து வெக்க வேண்டியதை எடுத்து வெச்சுட்டு, மொகத்தைக் கழுவிட்டு, வாசல்ல நிக்கறேன். கொழுந்தியா குடுத்தனுப்பினதுன்னு அவங்களும் சிரிச்சுக்கிட்டே வெச்சிருக்காங்க.

உங்க டீச்சர் நொம்பத்தான் கேள்வி கேக்குதாட்டம் இருக்குது. அங்க அந்த வழக்கம் இருக்கலாம். இங்க விழுந்தேன்னா விழுந்தேன்தான்.

இன்னொரு மணி கெடைச்சா அனுப்பு. அவங்க சாவியை மறந்துட்டு வர்ற நாளும் இருக்குதில்ல.

அக்கா,
ரூபி


மாரமங்கலம்
20.8.2025

சேர்வராயன் துணை

அமலி கண்ணுக்கு, உங்க பக்கத்துக்கெல்லாம் தபால் குடுக்கற கலா எழுதறது. என்னைத் தெரியுமில்ல? உனக்குப் பாஸ்போர்ட் வந்தப்ப நான்தான் கொண்டாந்து குடுத்து ஜிலேபி கேட்டேன். நீ சொகமா? நான் சொகம். ஆனா உங்கக்கா சொகமில்ல கண்ணு. அதைச் சொல்லத்தான் எழுதறேன். எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது.

போன் கை தவறி விழுந்துச்சுன்னு உனக்கு எழுதினதாச் சொன்னுச்சு, அது அப்படி விழுகல. உங்க மாமன் அம்மியில வெச்சுக் குழவியால இடிச்சான். உங்கக்கா பாக்கப் பாக்க, தேங்காச் சில்லு மாதிரி நொறுக்கினான். ஆருகிட்டச் சிரிச்சுப் பேசுனீன்னு கேட்டு. உங்கக்கா பேசுனது உன்கிட்டத்தான்.

ஏப்ரல்ல அது படியிலயும் விழுகல. ஏழு மாசத்து வயிறு. பூட்ஸு காலோட ஒதைச்சான். நான் கடுதாசி குடுக்கப் போனவ, வாசல்ல ரத்தத்தைப் பாத்தேன். என் ஊட்டுக்காரரு பொன்னுவேலும் நானும் தூக்கி ஜீப்புல போட்டோம். ஆம்பளைப் புள்ளை. ஒரு தரம்கூட அழுவல.

நீ அனுப்பின மணி எதுக்குன்னு தெரியுமா? அது கேட்ட ஒடனே உங்கக்கா ஓடி ஓடிக் கொடுவா, அருவாமணை, வெறகுக் கட்டை, குழவின்னு கைக்கு எட்டறது எல்லாத்தையும் ஒளிச்சு வெக்குது. கைக்கு ஒண்ணும் கெடைக்கலைன்னா வெறும் கையாலதானே அடிப்பான்னு கணக்கு. சிரிச்சுக்கிட்டே என்கிட்டச் சொன்னுச்சு.

வெளிய வா புள்ளைன்னு கூப்பிட்டேன். "அவங்க கையெழுத்து இல்லைன்னா அமலியைத் திருப்பி அனுப்பிருவாங்க. அவ படிச்சு முடிக்கட்டும்"னு சொல்லுது. உன் படிப்புக்காக அடி வாங்குது. தெரிஞ்சுக்க.

இனிமே அக்காளுக்கு நெசக் கடுதாசி எழுதறதா இருந்தா என் பேருக்குப் போடு. நான் கையில குடுக்கறேன். ஊட்டுக்குச் சும்மா ஒண்ணு போடு.

கலா


வட ஜப்பான்
10.9.2025

அக்கா,

நலமான்னு கேக்க மாட்டேன். கலாக்கா எழுதிருச்சு.

ஏன்க்கா சொல்லல? நான் ஒதடு கிழிஞ்சதுக்கு ஊரைக் கூட்டி ஒப்பாரி வெச்சு எழுதறேன், நீ மஞ்சத்தூளு வெக்கச் சொல்லி எழுதற! அந்தப் புள்ளையைப் புதைச்ச எடம் எனக்குத் தெரியாது. நான் அவனுக்கு இங்க ஒரு சட்டை வாங்கி வெச்சிருந்தேன். மொயலு படம் போட்டது. இன்னும் பெட்டியில இருக்குது.

போன வாரம் எங்க தெருமுனையில தக்காளி மாதிரி ஒரு பழம், காக்கின்னு பேரு, அந்த மரத்துக்கிட்ட ஒருத்தரைக் கரடி அடிச்சுருச்சு. நான் கண்ணால பாத்தேன். ஒரே அறை. கன்னம் பேந்து தொங்கி உள்ள பல்லு தெரிஞ்சுது. ஒரு கண்ணு இல்ல. அவரு அதோட எந்திரிச்சு உக்காந்து, எங்களைப் பாத்து "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிக்கணும்"னு தலை குனிஞ்சாரு. இந்த ஊரு வழக்கம் அப்படி. ரத்தம் மடியில ஊத்துது, மன்னிப்புக் கேக்கறாரு! எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. நீயும் அப்படித்தானே உக்காந்திருக்கற?

அந்தக் கரடி மேலகூட எனக்குக் கோவம் இல்லக்கா, அதுக்குப் பசி. மாமனுக்கு என்ன பசி? அந்த அறை அவன் மூஞ்சியில விழுகணும்னு ஜெபம் பண்றேன். பாவமா இருந்தா இருக்கட்டும்.

எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம். வந்தர்றேன். நீயும் நானும் எங்கயாச்சும் காப்பிப் பழம் பறிச்சுப் பொழைச்சுக்கலாம். போலீசுக்குப் போ. கலாக்காளைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே போ.

அமலி


கரடியூர்
2.10.2025

அமலி கண்ணு,

இதைக் கொட்டாயில மாட்டுக்குப் பின்னால உக்காந்து எழுதறேன். சாணி வாசம் அடிச்சா மூக்கைப் பொத்திக்க.

சொல்லாதது தப்புத்தான். சொல்லியிருந்தா நீ மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்திருப்ப. இப்பவும் வர்றேன்னுதானே குதிக்கற? வந்தீன்னா செருப்பால அடிப்பேன். அவன் அடிச்ச அடியெல்லாம் அப்ப வீணாப் போயிரும். நீ ஒரு ஆளா நிக்கணும்னுதான் ஒவ்வொண்ணையும் வாங்கினேன்.

பெரியவங்ககிட்டச் சொல்லாம இல்ல. கல்யாணமான மொத வருசமே அவங்க பெரியப்பா சிங்கராயர்கிட்டப் போயி மொதுகைத் தெறந்து காட்டினேன். "அடிக்கிற கைதான் அணைக்கும், போம்மா"ன்னு தாட்டி விட்டாரு. அன்னைக்குப் பொழுதோட என்னைக் களத்துல காயப் போட்டிருந்த மொளகு மேல முட்டி போட வெச்சான். வெச்சுட்டு ஜெபமாலை சொல்லச் சொன்னான். பூராவும் சொன்னேன். எங்கயாச்சும் தப்பினா காப்பிக் குச்சியால ஒண்ணு. இப்பக்கூட ஜெபமாலையைக் கையில எடுத்தா முட்டி வலிக்குது. மாதா மன்னிப்பாங்க.

கொழந்தையைக் கல்லறைத் தோட்டத்துல அப்பாவுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்குது. பொன்னுவேல் அண்ணன்தான் குழி வெட்டுச்சு. பேரு வெக்கல. நான் மனசுக்குள்ள ஒண்ணு வெச்சுக் கூப்பிடறேன். உனக்கும் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டையை ஆருக்கும் குடுத்துராத.

பிப்ரவரி வந்துரும். கையெழுத்தை வாங்கிட்டு அன்னைக்கே வெளிய வந்தர்றேன். அது வரைக்கும் தாங்குவேன். மணி இருக்குதில்ல.

நீ பத்திரம். மரத்துக்கிட்டப் போகாத.

அக்கா


கரடியூர்
25.10.2025

கிறிஸ்துவுக்குள் அன்பான கொழுந்தியாள் அமலிக்கு மாமா கிங்ஸ்டன் ஆசீர்வதித்து எழுதுவது.

நாங்கள் தேவ கிருபையால் நலம். உன் படிப்பும் சுகமும் சிறக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். உன் அக்காளுக்கு வலது கையில் விரல்கள் சரியில்லை. மாவு இடிக்கும்போது கவனக் குறைவு. ஆகையால் இனி கடிதங்களை நானே எழுதுவேன்.

நீ அனுப்பிய மணி மிகவும் பிரயோஜனமானது. அந்த மணி ஒலித்தால் எங்கள் வீட்டில் கத்தியும் கொடுவாளும் மாயமாய் மறைவதைக் கண்டு ஆச்சரியப்பட்டேன். ஒரு நாள் சாவியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லாம் அடுப்பு மேடையில்தான் இருந்தன. ரோட்டுக்குத் திரும்பிப் போய், மணியை ஆட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றையும் காணோம். புத்திசாலிப் பெண்கள் நீங்கள் இரண்டு பேரும்.

இப்போது மணியை அவள் காலில் கட்டியிருக்கிறேன். கட்டுக் கம்பியால் முறுக்கியிருக்கிறேன், அவிழாது. காப்பிக் காட்டில் நின்றாலும், கொட்டாயில் நின்றாலும், கட்டிலில் படுத்தபடியே எனக்குத் தெரிகிறது. சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். மாட்டுக்கு மணி எதற்கு என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் உனக்கு என் கையெழுத்து தேவைப்படும் என்று நினைக்கிறேன். போடுவதா வேண்டாமா என்று ஜெபத்தில் காத்திருக்கிறேன். உன் அக்காள் நடந்துகொள்வதைப் பொறுத்து ஆண்டவர் வழிகாட்டுவார்.

அன்பு மாமா,
கிங்ஸ்டன்


வட ஜப்பான்
12.11.2025

அக்கா,

கலாக்கா இதை உன் கையில சேத்தணும்னு கும்பிட்டுக்கிட்டு எழுதறேன்.

அவன் கடுதாசியைப் படிச்சு முடிச்சேன். அப்படியே போயி எங்க முதியோர் இல்லத்து மேனேஜர் அம்மா முன்னால நின்னு அழுதேன். இங்க ஆரும் அப்படி அழ மாட்டாங்க. அந்தம்மா கதவைச் சாத்திட்டு, காயத்தைக் கேக்கற மாதிரியே ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. எங்க, எப்ப, ஆரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். நேத்துக் கூப்பிட்டுச்சு. என் படிப்புச் செலவையும் விசாப் பொறுப்பையும் இல்லமே ஏத்துக்குதாம். படிச்சு முடிச்சு அஞ்சு வருசம் இங்கயே வேலை பாக்கணும், நடுவுல ஊருக்கு வர்றது கஷ்டம். சரின்னுட்டேன். அக்கா, கேட்டுக்க: அவன் கையெழுத்து இனிமே எனக்கு வேண்டாம். அதை அவன் நெத்தியில ஒட்டிக்கட்டும். எனக்காக ஒரு நாளுகூட அங்க இருக்காத!

இங்க கரடி இன்னும் அடங்கல. பேப்பர் போடற ஹோஷினோ அம்மா, விடிஞ்சதும் விடியாததுமா எங்க வாசலுக்கு வருவாங்க, பை நெறைய மணி கட்டியிருப்பாங்க. முந்தாநாளு அவங்க பின்னாலயே ஒண்ணு வந்துருச்சு. மணிக்கெல்லாம் அது பழகிப் போச்சாம், சத்தம் வர்ற பக்கம்தான் ஆள் இருக்குதுன்னு வருதாம். அந்தம்மா பையைக் கழட்டி ஒரு பக்கம் தூக்கிப் போட்டுட்டு, சத்தமில்லாம எங்க கதவுக்குள்ள நழுவிட்டாங்க. கரடி மணி சத்தத்து மேல பாஞ்சு, பையைக் குதறி, பேப்பரையெல்லாம் பஞ்சு பஞ்சா கிழிச்சுது. நாங்க கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு இருந்தோம். அந்தம்மாவுக்கு அதுல ஒரு கீறல்கூட இல்ல. பொறவு ஆளுங்க வந்து சுட்டாங்க. தெரு பூரா ரத்தம், நானும் ஓஸ் புடிச்சுக் கழுவினேன்.

வெளிய வாக்கா. வந்துட்டேன்னு ஒரு வரி போடு.

அமலி


மாரமங்கலம்
2.12.2025

சேர்வராயன் துணை

அமலி கண்ணுக்குக் கலா எழுதறது. நான் சொகம். உன் கடுதாசியைக் கொட்டாயில வெச்சுக் குடுத்துட்டேன். கன்னுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே படிச்சுது. படிச்சுட்டு அழுவல. "பையைத் தூக்கிப் போட்டுச்சா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். "சத்தமில்லாமப் போயிருச்சா?"ன்னு கேட்டுச்சு. ஆமாமுன்னேன். கடுதாசியைத் திருப்பி என்கிட்டயே குடுத்துட்டு, கெழக்கால காட்டுல காப்பிக் கெளை நறுக்கற கவாத்துக் கத்திரி உங்க ஊட்டுல இருக்குதான்னு கேட்டுச்சு. கொண்டு போயி வைக்கோலுக்குள்ள சொருகிட்டு வந்திருக்கேன்.

இதுக்கு மேல எழுத மாட்டேன். வெசனப்படாத.

கலா


வட ஜப்பான்
27.12.2025

கலாக்கா, கலாக்கா,

அக்கா என்ன ஆச்சு? ஒரு வரி இல்ல. பாஸ்போர்ட் வந்தப்ப நீங்க குடுத்த நம்பரை இப்பத்தான் தேடி எடுத்தேன், அடிச்சாப் போகவே மாட்டேங்குது. கிறிஸ்மஸுக்கு நான் கோயிலுக்குப் போகல, ரூம்லயே உக்காந்திருந்தேன். இங்க பனி கொட்டி, கரடியெல்லாம் தூங்கப் போயிருச்சுன்னு மணியைக் கழட்டி வெச்சுட்டாங்க. எனக்குத் தூக்கமே இல்ல. அக்கா செத்துட்டான்னா செத்துட்டான்னே எழுதுங்க. மறைக்காதீங்க. மறைச்சு மறைச்சுத்தான் இவ்வளவும் ஆச்சு.

அமலி


அடிவாரம்
12.1.2026

அமலி கண்ணு,

நான் உசுரோட இருக்கேன். மொதல்ல அதைப் படிச்சுக்க. மூச்சை விடு. ஒரு வாய் தண்ணி குடி. இப்ப மிச்சத்தைப் படி.

எழுத்து கோணலா இருக்கறது இடது கையால எழுதறதுனால. வலது கை வெரலுங்க ஒண்ணுக்கும் ஆகாது. கலாவோட போனு மலையில மழையில நனைஞ்சு செத்துப் போச்சு, அதுவும் நானும் ஒரே சமயத்துல உன்னைப் பயமுறுத்திட்டோம்.

கத்திரி கெடைச்சும் சமயம் வாய்ச்சது கிறிஸ்மஸுக்கு மொத நாளுதான். மத்தியானமே குடிச்சுட்டு வந்து சோறு தின்னான். குழம்புல உப்பு இல்லைன்னு சோத்து வட்டலைத் தூக்கி மொகத்துல அடிச்சான். புருவம் பொளந்துருச்சு. அப்புறம் கட்டில்ல சாஞ்சுட்டு, "கொட்டாய்க்குப் போயி மாட்டைப் பாரு, மணி சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்"னான். போனேன். கத்திரியை எடுத்துக் கம்பியை நறுக்கினேன். கம்பி சதைக்குள்ள போயிருந்துச்சு, இழுக்கறப்பத் தோலும் வந்துச்சு. நான் வாயில சேலையைக் கடிச்சுக்கிட்டேன். மணியைக் கன்னுக்குட்டி கழுத்துல கட்டினேன். நீ மொதல்ல சொன்ன மாதிரியே கட்டிட்டேன் பாரு. அது தலையை ஆட்டி ஆட்டி நொம்ப சந்தோசமா வெளையாடுச்சு. நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுக் காப்பிக் காட்டுக்குள்ள எறங்கிட்டேன். பேசி வெச்ச மாதிரி கலா ரோட்டுல நின்னுச்சு. பஸ் ஏறினோம். ஒவ்வொரு வளைவுலயும் அவன் நிக்கறான்னே எனக்குத் தோணுச்சு. அடிவாரத்துல கலாவோட அம்மா வீராயி ஊட்டுல எறக்கி விட்டுட்டு, கலா அடுத்த பஸ்ஸுல மேல போயிருச்சு.

மிச்சம் பொன்னுவேல் அண்ணன் சொன்னது. அன்னைக்கு எங்க பக்கத்துக் காட்டுல வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். பொழுது எறங்கறப்ப அவன் எந்திரிச்சு, "ரூபி, காப்பி"ன்னு கத்தியிருக்கான். மணி கிணி கிணின்னுச்சாம். "ஏய், காது கேக்கலியா?" மணி. "எனக்கே பதில் சொல்ல மாட்டியா?" மறுபடியும் மணி. ஒரு கன்னுக்குட்டிகிட்ட சித்த நேரம் சண்டை போட்டிருக்கான். அப்புறம் கொடுவாளை எடுத்திருக்கான். அது அடுப்பு மேடை மேலயே கெடந்துச்சு கண்ணு. எத்தனையோ நாளா ஒளிச்சு வெச்ச நான், அன்னைக்கு மட்டும் ஒளிச்சு வெக்கல. போற அவசரத்துல மறந்தே போச்சு.

கொட்டாயில வெளக்கு இல்ல. மணி சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே போயி வெட்டியிருக்கான். என் பேரைச் சொல்லிச் சொல்லி வெட்டியிருக்கான். கழுத்துல, மொதுகுல, மறுபடியும் கழுத்துல. மணி நிக்கற வரைக்கும்.

அந்த வெட்டு எனக்குப் போட்டது அமலி. அந்தச் சுட்டிக் கன்னு என் வெட்டை வாங்கிக்கிட்டுச் செத்துருச்சு. நான் அதுக்காக அழுத மாதிரி என் புள்ளைக்குக்கூட அழுவல. அப்ப அழ விடல, அதான்.

ஆனா செவலை என்னை மாதிரி இல்ல. கன்னு கதறினதும் மொளையைப் புடுங்கிக்கிட்டு வந்து அவனைச் சுவத்தோட வெச்சுக் குத்திருச்சு. கொம்பு அடிவயித்துல எறங்கி இடுப்பு வரைக்கும் கிழிச்சுருச்சாம். கீழ விழுந்தவனை விடாம மிதிச்சிருக்குது. பொன்னுவேல் அண்ணன் ஓடிப்போயி ஆளுங்களைக் கூட்டி மாட்டை வெலக்கறதுக்குள்ள கொட்டாய் பூரா ரத்தம். எஸ்டேட் ஜீப்புல போட்டுச் சேலத்துக்குக் கொண்டாந்தாங்க. அந்த ஜீப்பு ஆரனை அடிச்சுக்கிட்டு இந்த ஊட்டு வாசலைத் தாண்டித்தான் போச்சு. அவன் என்னைத் தேடி வர்றான்னு நெனைச்சு நான் நெல்லு மூட்டைக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டேன். வீராயி அம்மா கொடுவாளோட வாசல்ல நின்னுச்சு.

பொழைச்சுட்டான். மாடு மிதிச்சதுல மொதுகெலும்பு ஒடைஞ்சு இடுப்புக்குக் கீழ அசைவில்ல. போன வாரம் சிங்கராயர் என்னைத் தேடி வந்தாரு. "புருசன் கெடக்கறான். பக்கத்துல இருந்து பாக்கறது பொம்பளை கடமை"ன்னாரு. அடிக்கிற கை இப்ப ஆரை அணைக்குதுன்னு கேட்டேன். ஆனாலும் கடைசியா ஒரு தரம் பாத்துட்டு வந்துரலாம்னு போனேன். கலாவும் வந்துச்சு.

ஆஸ்பத்திரியில படுக்கையோட கெடந்தான். என்னைப் பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துச்சு. "ரூபி, தண்ணி"ன்னான். பூசையில வாசகம் படிச்ச கொரலு, வெறும் காத்தா வருது. எனக்கு எரக்கம் வரும்னு பயந்துக்கிட்டே போனேன், வரல. தண்ணி ஊத்திக் குடுத்தேன். மல்லாந்து கெடந்த கையில அந்த மணியை வெச்சேன். கலா கொட்டாயில இருந்து எடுத்து, கழுவிக் கொண்டாந்து குடுத்திருந்துச்சு. "எதுனா வேணும்னா ஆட்டு. ஆராச்சும் வருவாங்க"ன்னேன். கல்யாணமானதுல இருந்து அவனை 'வாங்க, போங்க'ன்னு கூப்பிட்டவ அன்னைக்குத்தான் நீன்னு சொன்னேன்.

நான் வெராந்தா முடியற வரைக்கும் ஆட்டிக்கிட்டேதான் இருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நானும் கலாவும் டீ குடிச்சோம். சூடா, சக்கரை தூக்கலா இருந்துச்சு.

போலீசுல எழுதிக் குடுத்துட்டேன். புருவம், வெரலு, காலு, முட்டி, எல்லாத்தையும் காட்டினேன். எங்க, எப்ப, ஆருன்னு உங்க டீச்சர் கேக்கற மாதிரியே ஒவ்வொண்ணாச் சொன்னேன். கீழ விழுந்தேன்னு ஒண்ணுக்கும் சொல்லல. செவலையை வீராயி அம்மா ஊட்டுக்கே ஓட்டியாந்துட்டோம். பால் குடுக்க மாட்டேங்குது. குடுக்காட்டிப் போகட்டும், தின்னுட்டு நிக்கட்டும்.

அஞ்சு வருசம் என்ன கண்ணு, கண்ணை மூடித் தெறந்தா வந்துரும். நீ வர்றப்ப நான் இருப்பேன். அந்த மொயலுச் சட்டையைக் கொண்டா, ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போலாம். என் புள்ளை பேரை அங்க வெச்சுச் சொல்றேன்.

உன் ஒடம்பு எப்படி இருக்குது? கூதலுக்குக் காதைக் கட்டிக்க. எனக்கு இப்பத்தான் நல்லாத் தூக்கம் வருது, பசியும் எடுக்குது. நலம்னு எழுதறதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்.

அக்கா,
ரூபி